எங்கள் ஊரிலும் உண்டு

மே மாதம் பதினொன்று, விடியற்காலை,
திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினாள் ரொவேனா.
சொந்த ஊர் போகக் கிடைத்த நாற்பது நாளில்
ஆறு நாளைக் கிள்ளி எனக்கெனக் கொண்டுவந்திருந்தாள்.
கட்டிப்பிடித்தபடி சொன்னாள், "குண்டாகிவிட்டாய்."
"நீ நரைத்துவிட்டாய்" என்றேன்.
மரியாதையெல்லாம் அதோடு முடிந்தது.

களியக்காவிளை தாண்டும்வரை அரபிதான்.
சூர் ஆஸ்பத்திரியில் இருவரும் பொறுக்கிய உடைசல் அரபி.
வண்டியோட்டிய எட்வின்
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்,
தன் மனைவி யாரோ ஒருத்தியாய்ச் சிரிப்பதை.

முக்கடல், படகு, அரண்மனை, அருவி என்று
நாள்வாரியாக எழுதி வைத்திருந்தேன்.
"தீவுக்காரிக்குக் கடல் காட்டப் போகிறாயா?"
தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வருக்கைச் சக்கையை வெட்டுமுன்
அவளே எண்ணெய் கேட்டுக் கையில் தேய்த்தாள்.
எங்கள் ஊரிலும் உண்டு.
மரச்சீனி, மீன்கறி. உண்டு.
வாழையிலை. உண்டு.
முச்சந்தியில் மாதா குருசடி,
காற்றில் அடித்துக்கொள்ளும் காகிதத் தோரணம்.
உண்டு, உண்டு, எங்களிடம் இதைவிடப் பெரிது.
"இவ பின்ன எதுக்கு இவ்வளவு துட்டு செலவழிச்சி வந்தா?"
பக்கத்துவீட்டு ரெஜினி கேட்டதை
நான் மொழிபெயர்க்கவில்லை.

நான்காம் நாள் கருங்கல் சந்தையில்
நொங்கு ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது இல்லை."
எட்வினுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!
ஏதோ பந்தயத்தில் ஊரே ஜெயித்ததுபோல
முழுக் குலையை வாங்கி
வண்டியில் ஏற்றிவிட்டார்.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை.
வேளிமலைப் பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது, மழை இறங்கவில்லை.
மொட்டைமாடியில் கருவாட்டுக் கதை பேசினோம்.
அவள் நாட்டுக் கருவாடும் என் கருவாடும்
ஒரே சட்டியில் பொரிந்த வெள்ளிக்கிழமை.
மேல்மாடி எகிப்துக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு
கதவைத் தட்டியதும் இரண்டு பேரும் உறங்குவதாக நடித்தது.
சிரித்து ஓய்ந்தபின் கேட்டாள்,
"அந்தப் பச்சைக் கதவு எங்கே?"

முன்னறைக் கதவு. பெயின்ட் மாற்றிவிட்டோம்.
அவள் எப்படிப் பார்த்திருக்கிறாள்?
கேட்க வாயெடுத்தபோதுதான் உறைத்தது.

அம்மா போன அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை.
நைட் ஷிப்ட் முடித்து வந்தவள்
சீருடை மாற்றாமல்
இரண்டு மணிநேரம் என் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
என் கை நிற்கவில்லை.
பாதியில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.
அவள்தான் பார்த்தாள், ஒரு சொல்லும் புரியாமல்,
யாரென்றே தெரியாத கூட்டத்தை,
பச்சைக் கதவை,
கடைசியில் என் முதுகுக்குச் சொன்னாள்,
"முகத்தை மூடிவிட்டார்கள்."

ஐந்தாம் நாள் கல்லறைத் தோட்டம்.
மெழுகுதிரி கொளுத்தி, ஒரு ஜெபம் சொல்லி
நான் கிளம்ப எழுந்தேன்.
அவள் துவர்த்தை விரித்துச் சம்மணமிட்டாள்,
பையிலிருந்து பிஸ்கட், வாழைக்காய் சிப்ஸ்,
பிளாஸ்க்கில் சாயா.
அவள் ஊரில் விடியவிடிய இருப்பார்களாம்,
தின்பார்களாம், சீட்டுகூட ஆடுவார்களாம்.
"இது இங்கே இல்லை" என்றேன்.
"உட்கார்."
அம்மாவின் பெயருக்கு மேலே
சிப்ஸ் பொட்டலத்தை வைத்தாள்.
கோயில்பிள்ளை சாவிக்கொத்தைக் குலுக்கும்வரை இருந்தோம்.
அம்மாவைப் பற்றி நான் நிறையப் பேசினேன்.
சிலது திட்டு.

ஏர்போர்ட் வாசலில் அவள் சொன்னாள்,
"அடுத்தது உன் முறை."
தலையாட்டினேன். பாஸ்போர்ட் காலாவதியாகி மூன்று வருஷம்.
பீரோவில், ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்குக் கீழே கிடக்கிறது.
நல்லமிளகும் புளியும் கட்டிக் கொடுத்தேன்.
நொங்குதான் அத்தனை தூரம் தாங்காது.

திரும்பும் வழியில், பாறசாலை கேட்டில் நிற்கும்போது,
எட்வின் கேட்டார்,
"ஊரு பிடிச்சுதாமா அவளுக்கு?"
"ஐவா" என்றேன்,
எந்த மொழியில் சொன்னேனென்று தெரியாமலே.
அவரும் "ம்" என்று
கியரை மாற்றினார்.